புள்ளி மறைஞ்சா நோய் போச்சா?

கேள்வி: 3.11.2023, இரவு 9.40

சாலாக்கிலிருந்து எழுதுறேன். தீபாவளிக்கு வீடு கொஞ்சம் கலகலன்னு இருக்கட்டும்னு 2 அடி மீன் தொட்டி வாங்கி, பலூன் மோலி 6, நியோன் 10, கப்பி ஒரு ஜோடி விட்டேன். நாலாம் நாள் மோலி வாலில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடையில் கொடுத்த நீல மருந்தை 3 நாள் ஊத்தினேன். புள்ளி குறையல, கூடிப்போச்சு. இப்ப நியோனுக்கும் வந்துடுச்சு. நான் சொல்றேன், இந்த மருந்தெல்லாம் வெறும் சாயத்தண்ணி. மறுத்துப் பேச ஆள் இருக்கா?

3.11.2023, இரவு 10.25

மறுக்கிறேன் தம்பி.

மீன் மேல நீ பார்க்கிற புள்ளியை எந்த மருந்தும் தொடாது. அது தோல் மேல ஒட்டிக்கிட்டு இல்ல. தோலுக்கு அடியில உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருக்கு. மீனோட தோலே அதுக்குக் கூரை. வயிறு நிறைஞ்சதும் தானா கழன்று கீழே விழும். கல்லுலயோ செடியிலயோ கண்ணாடியிலயோ ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்தி ஒரு உறை போட்டுக்கும். அந்த உறையையும் மருந்து துளைக்காது. உள்ளே ஒன்னு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, நூற்றுக்கணக்கில, சில சமயம் ஆயிரம் வரைக்கும் குஞ்சு. உறை உடைஞ்சு அதெல்லாம் நீந்தி வெளியே வரும். ஒன்னு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலன்னா செத்துப்போகும். மருந்து பிடிக்கிறது இந்த நீந்துற குஞ்சை மட்டும்தான்.

நீ மூணாம் நாள் பார்த்த புதுப் புள்ளியெல்லாம் மருந்து ஊத்துறதுக்கு முன்னாடியே தோலுக்குள்ள போனது. அப்ப கண்ணுக்குத் தெரியாத அளவு. தின்னு பெருத்து இப்பதான் தெரியுது. நம்ம ஊர்ச் சூட்டில, தண்ணி 27, 28 டிகிரி இருந்தா, ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 4, 5 நாள். குளிர் நாட்டில 10 டிகிரித் தண்ணியில இதே சுற்றுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நீ ஒரு சுற்றுகூட முடியாம தீர்ப்பு எழுதிட்ட.

இதுக்குப் பேர் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ். 1876-ல் ஃபூக்கேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வைச்சது. முன்பாதிக்கு மீன் பேன்னு அர்த்தம், பின்பாதிக்கு நிறையப் பிள்ளைகள் பெத்ததுன்னு அர்த்தம். பேர் வைச்சவர் சரியாத்தான் பார்த்திருக்கார்.

ஹீட்டர் இருந்தா தண்ணியை மெதுவா 30-க்கு மேல கொண்டுபோ. கேலனுக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பு போடு. ஃபில்டர்ல கரி இருந்தா எடுத்துடு, அது மருந்தை உறிஞ்சிடும்.

4.11.2023, காலை 6.15

ராத்திரி எழுதினதில ரெண்டு இடம் உறுத்துது. தூக்கம் வரல.

ஒன்னு, சூடு. உன் தொட்டிக்கு வயசு ஒரு வாரம். 18 மீன். ஃபில்டர்ல மீன் கழிவைச் சுத்தம் பண்ற நல்ல கிருமி இன்னும் வளர்ந்திருக்காது, அமோனியா ஏறிக்கிட்டு இருக்கும். அதுல சூட்டையும் ஏத்தினா தண்ணியில காத்து குறையும். 20 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில ஏழரைதான். இந்த ஒட்டுண்ணி செவுள்லயும் உட்காரும், அங்க இருக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. செவுள் புண்ணாகி மூச்சுக்குத் திணர்ற மீனுக்குக் காத்தையும் குறைக்கிறோம். மீன் மேல்மட்டத்தில வாயைத் திறந்து திறந்து மூடுதான்னு பாரு. அப்படி இருந்தா சூட்டை ஏத்தாதே. முதல்ல ஏர் பம்பைப் போடு, கால் பங்கு தண்ணி மாத்து.

ரெண்டு, கேலன். நான் சொன்னது அப்பா காலத்து கேலன், நாலரை லிட்டர். மண்ணெண்ணெய்த் தகரம் 4 கேலன், 18 லிட்டர்னு அளந்து வளர்ந்தவ நான். ஆனா மருந்து பாட்டில் பின்னால இருக்கிற கேலன் பெரும்பாலும் அமெரிக்க கேலன், 3.8 லிட்டர்தான். அஞ்சுல ஒரு பங்கு வித்தியாசம். கேலனையும் கரண்டியையும் விட்டுடு. லிட்டர், கிராம். சமையல்கட்டுத் தராசு போதும்.

தொட்டியை அளந்து சொல்லு. வெளிப்பக்கம் இல்ல, தண்ணி நிக்கிற உயரம் வரைக்கும்.

4.11.2023, பகல் 1.10

நீ அனுப்பின அளவு: நீளம் 60 செ.மீ., அகலம் 30, தண்ணி உயரம் 32. மூணையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 57.6 லிட்டர். கீழே கல் இருக்கு, அதைக் கழிச்சா 50-னு வைச்சுக்கோ. லிட்டருக்கு 2 கிராம்னா உப்பு 100 கிராம். ஒரே தடவையில கொட்டாதே, ஒரு நாள்ல மூணு பங்கா, வேற பாத்திரத்தில கரைச்சு ஊத்து. நியோன் உப்புக்குப் பழகின மீன் இல்ல, மோலி சந்தோஷமா ஏத்துக்கும். ரெண்டும் ஒரே தொட்டியில இருக்கிறதால 2 கிராமோட நிறுத்துறேன். மோலி மட்டும் இருந்தா 3 சொல்லியிருப்பேன். தண்ணி மாத்துற அன்னிக்கு, மாத்தின தண்ணிக்கு மட்டும் உப்பு சேர்க்கணும். ஆவியாகிக் குறைஞ்ச தண்ணிக்குச் சேர்க்கக்கூடாது, உப்பு ஆவியாகாது.

உன் நீல மருந்து பாட்டில் படம் பார்த்தேன். மெத்திலீன் நீலம். நீ சொன்னதில பாதி நியாயம் இருக்கு தம்பி, ஒத்துக்கிறேன். முட்டையில பூஞ்சை பிடிக்காம இருக்க அது நல்ல மருந்து. வெள்ளைப்புள்ளிக்கு, அதுவும் கல்லும் ஃபில்டரும் இருக்கிற தொட்டியில, பலமில்லாதது. ஃபில்டர்ல வளர்ற நல்ல கிருமியையும் கெடுத்துடும். வெள்ளைப்புள்ளிக்குப் பலமானது மாலகைட் பச்சை. ஆனா நியோனுக்கும் செதில் இல்லாத மீனுக்கும் அதைப் பாட்டில்ல சொன்ன அளவில பாதிதான் போடணும். உன்கிட்ட உப்பு போதும்னு நினைக்கிறேன். நீலத்தை நிறுத்து.

6.11.2023

குவாலா கங்சார்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: தங்கமீனுக்கு முகத்தில மட்டும் வெள்ளைப் புள்ளி, உடம்பில ஒன்னுமில்ல, நல்லா சாப்பிடுது, மருந்து போடலாமா?

போடாதீங்கம்மா. தயவுசெய்து போடாதீங்க.

செவுள் மூடி மேலயும், நெஞ்சுத் துடுப்போட முன் முள்ளிலயும் வரிசையா, எல்லாம் ஒரே அளவில இருக்கா? தொட்டா சொரசொரன்னு இருக்கா? அது நோய் இல்ல. ஆண் மீன் பருவத்துக்கு வந்திருக்கு. கெண்டை, தங்கமீன் சாதியில ஆணுக்கு அப்படித்தான் வரும். வெள்ளைப்புள்ளின்னா ஒழுங்கே இல்லாம சிதறிக் கிடக்கும், வால் துடுப்பில பெரும்பாலும் நாலஞ்சு இருக்கும், மீன் கல்லுல உடம்பை உரசும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 1998-ல் ஈப்போவில 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரண்டா தங்கமீன் ஜோடி வாங்கினேன். அப்ப எனக்கு 60 வெள்ளி பெரிய காசு. மூணு மாசம் கழிச்சு ஆண் மீன் முகத்தில பவுடர் பூசின மாதிரி புள்ளி. பெண் மீனை விரட்டி விரட்டி அதோட வயித்தில மோதுது. அரிப்பு தாங்காம முட்டுதுன்னு நினைச்சேன். மருந்தை ரெண்டு மடங்கா ஊத்தினேன். ரெண்டாம் நாள் காலையில ஆண் மீன் கவிழ்ந்து கிடந்தது. தொட்டியைக் கழுவலாம்னு செடியை எடுத்தேன். வேர் முழுக்க முட்டை. கல்யாணம் நடந்துக்கிட்டு இருந்த வீட்டில நான் விஷத்தை ஊத்தியிருக்கேன். இத்தனை வருஷம் ஆச்சு, அந்த வேரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னது மறக்கல.

அன்னைக்கு ஒரு வாரம் சும்மா பார்த்துக்கிட்டு மட்டும் இருந்திருந்தா போதும்.

8.11.2023

"பார்க்கணும் பார்க்கணும்னு சொல்றீங்களே அக்கா, எதை வைச்சுப் பார்க்கிறது?" நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதப்போறேன்.

எங்க அப்பா லிந்தாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில டிரெசர், ஆஸ்பத்திரி உதவியாளர். பெரட்டுக்கு, அதாவது காலையில ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, வராத ஆளை லயத்து வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். காய்ச்சல்னா விரல் நுனியில குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடிச் சில்லுல தேய்ச்சு, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்ல பார்ப்பார். மலேரியா இருக்கா இல்லையான்னு கண்ணால பார்க்காம மாத்திரை கொடுக்க மாட்டார். தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து அவசரப்படுத்தினாலும் கொடுக்க மாட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் காய்ச்சல் வர்ற மலேரியாவுக்கு, கிருமி ரத்தத்தில 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை வெடிச்சு வெளியே வர்றதுதான் காரணம்னு எனக்கு 9 வயசில சொன்னது அவர்தான். காய்ச்சல் இல்லாத நாளில ஆள் எழுந்து பால்வாளி தூக்கிடுவான், மாத்திரையை நிறுத்திடுவான், அப்பா திட்டுவார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடினப்ப அந்த மைக்ரோஸ்கோப்பை மேனேஜர் அப்பாகிட்டயே கொடுத்துட்டார். விளக்கு கிடையாது, கீழே கண்ணாடி. ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிக்கணும். அது இப்ப என் வீட்டில, சாமி மாடத்துக்குப் பக்கத்து மேசையில இருக்கு. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில 27 வருஷம் உதவியாளரா இருந்தேன், புதுசு புதுசா எத்தனையோ வந்தது. இதுல பார்க்கிற மாதிரி வராது.

செய்யிறது இப்படி. கையை நனைச்சுக்கோங்க, காய்ஞ்ச கை மீனோட வழுவழுப்பை உரிச்சிடும். ஈரத் துணியில மீனைப் படுக்கவைச்சு, நெஞ்சுத் துடுப்புக்குப் பின்னால, தலையிலிருந்து வால் பக்கமா, மெல்லிய கண்ணாடி மூடுசில்லோட ஓரத்தால லேசா ஒரு இழுப்பு. எதிர்ப்பக்கம் இழுத்தா செதில் பேரும். மீன் உடனே தண்ணிக்குத் திரும்பணும், ஒரு நிமிஷத்துக்கு மேல வெளியே வேண்டாம். சுரண்டின வழுவழுப்பு மேல தொட்டித் தண்ணி ஒரு சொட்டு. பைப் தண்ணி வேண்டாம், குளோரின் ஒட்டுண்ணியைக் கொன்னுடும், அப்புறம் ஒன்னும் தெரியாது. மூடி, 40 மடங்கில தொடங்கி 100-க்குப் போங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள பார்க்கணும்.

வெள்ளைப்புள்ளியோட ஒட்டுண்ணி பெரிய உருண்டை, மெதுவா, ரொம்ப மெதுவா, பூமி சுத்துற மாதிரி சுத்தும். உள்ளே குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு கரு. அந்த லாடத்தைப் பார்த்துட்டா வேற சந்தேகமே வேண்டாம்.

டிரைக்கோடினான்னு ஒன்னு, தட்டு மாதிரி வட்டம், உள்ளே பல்சக்கரம் மாதிரி கொக்கி வளையம், விடாம சுழலும். கைலோடோனெல்லா இதய வடிவம், நழுவி நழுவி ஓடும். காஸ்டியா பொடிசு, 100 மடங்கில மினுக் மினுக்னு துடிக்கிறது மட்டும்தான் தெரியும், செத்துட்டா கண்டுபிடிக்கவே முடியாது. இந்த மூணுக்கும் மீன் மேல புள்ளி வராது. சாம்பல் படலம் மாதிரி வழுவழுப்பு கூடும், துடுப்பை மடக்கிக்கிட்டு நிக்கும், கல்லுல உரசும்.

இதெல்லாம் ஒரே ஒரு உயிரணு உள்ள பிராணிங்க. புழு வேற. கைரோடாக்டிலஸ்னு ஒரு தட்டைப்புழு. தோல்ல கொக்கி போட்டுக்கிட்டு, அட்டை மாதிரி நீண்டு சுருங்கும். அதோட வயித்துக்குள்ள குட்டி தெரியும், குட்டியோட கொக்கியும் தெரியும். அந்தக் குட்டி வயித்துக்குள்ளயே அடுத்த குட்டி! முதல் தடவை பார்த்தப்ப நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அப்ப 70 தாண்டியிருந்தது. பத்து நிமிஷம் கண்ணை எடுக்கல.

8.11.2023, மாலை

காலையில எழுதினதில தட்டைப்புழுவுக்கு மருந்து சொல்ல விட்டுப்போச்சு. பிரசிகுவாண்டெல். உப்பும் மாலகைட் பச்சையும் நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம். குட்டி போடுற கைரோடாக்டிலஸுக்குப் பெரும்பாலும் ஒரு தடவை போதும். செவுள்ல இருக்கிற டாக்டிலோஜைரஸ் முட்டை போடும், முட்டையை மருந்து கொல்லாது. குஞ்சு வெளியே வந்தப்புறம், ஒரு வாரம் கழிச்சு, மறுபடி போடணும். பார்த்து வேறுபடுத்த ஒரு அடையாளம்: டாக்டிலோஜைரஸுக்குத் தலையில 4 கறுப்புக் கண்புள்ளி, கைரோடாக்டிலஸுக்குக் கண்ணே இல்ல.

12.11.2023

தீபாவளி வாழ்த்து எல்லாருக்கும். வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க முறுக்குத் தூளைத் தொட்டியில போடாம ஒரு கண் வைச்சுக்கோங்க. எங்க வீட்டில காலையிலிருந்து ரெண்டு தடவை அதிரசம் எடுத்தேன், தொட்டியிலிருந்து.

14.11.2023

சாலாக் தம்பி எழுதியிருக்கான்: "அக்கா, புள்ளி மொத்தமா போச்சு! ஒன்னுகூட இல்ல. நன்றி."

நல்லது தம்பி. உப்பை இன்னும் எடுக்காதே.

18.11.2023

யாரோ ஆத்தில பிடிச்ச சின்ன மீனைத் தொட்டியில விட்டிருக்காங்க, உடம்பெல்லாம் மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, மத்த மீனுக்கும் தொத்துமான்னு பயம்.

தொத்தாது. இந்தக் கதை எனக்குப் பிடிச்ச கதை. நம்ம ஊர்ப் பேரே மலாய் மொழியில நத்தை ஆறு இல்லையா, சுங்கை சிப்புட். இந்தக் கறுப்புப் புள்ளிக்காரனுக்கு நத்தை இல்லாம வாழ்க்கையே இல்ல. கொக்கு மாதிரி மீன் தின்னுற பறவை வயித்தில பெரிய புழு முட்டை போடும். எச்சம் தண்ணியில விழும். முட்டையிலிருந்து வர்ற குஞ்சு நத்தைக்குள்ள போய்ப் பெருகும். நத்தையிலிருந்து வெளியே வந்து மீன் தோலைத் துளைச்சு உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கும். அதைச் சுத்தி மீன் கறுப்பா ஒரு உறை கட்டும், நாம பார்க்கிறது அதைத்தான். அந்த மீனைக் கொக்கு தின்னணும், அப்பதான் சுற்று முழுசாகும். உங்க வரவேற்பறையில கொக்கு இல்ல. அதனால அந்த மீன்லயே அது நின்னுபோகும். மருந்து எதுவும் வேண்டாம்.

குளத்தில வளர்க்கிறவங்க கதை வேற. அங்க நத்தையும் உண்டு, கொக்கும் உண்டு.

21.11.2023

தம்பியோட செய்தி காலையில வந்தது. நியோன் 10-ல 7 போச்சு. மிச்சம் மூணு மேலயும், மோலி மேலயும் எண்ண முடியாத அளவு புள்ளி. 14-ந் தேதி சாயங்காலமே பாதித் தண்ணியை மாத்தி, உப்பை எடுத்து, ஹீட்டரையும் கழட்டிட்டான். "புள்ளி போச்சே அக்கா, நோய் போச்சுன்னு நினைச்சேன்" னு எழுதியிருக்கான்.

என் தப்பு இதுல இருக்கு. உப்பை எடுக்காதேன்னு ஒரு வரி எழுதினேன். ஏன்னும் சொல்லல, எத்தனை நாளைக்குன்னும் சொல்லல. கொக்குக் கதையை அவ்வளவு நீளமா எழுதினவ, அவசியமான இடத்தில ஒரே வரியோட போயிட்டேன்.

இப்ப சொல்றேன். மீன் மேல இருந்த புள்ளி மறையிறதுன்னா என்ன? அது செத்துப் போகல. வயிறு நிறைஞ்சு கழன்று கீழே விழுந்திருக்கு. மீன் சுத்தமா தெரியிற அன்னிக்குத்தான் கல்லுக்கு நடுவுல உறைங்க வெடிக்கத் தயாரா இருக்கு. ஒவ்வொன்னுக்குள்ளயும் நூற்றுக்கணக்கில. அன்னிக்குத்தான் மருந்து தண்ணியில முழு அளவில இருக்கணும். நீ சரியா அந்த நாளில மருந்தை எடுத்திருக்க. அப்பா திட்டின அந்தக் காய்ச்சல்காரங்க மாதிரிதான் இதுவும்.

கணக்கு: கடைசிப் புள்ளி மறைஞ்ச நாளை ஒன்னுன்னு வைச்சு, இந்தச் சூட்டில இன்னும் 10 நாள். குறையவே கூடாது. எனக்கு மனசு ஆகாது, நான் 14 நாள் வைப்பேன். நடுவில ஒரு புள்ளி தெரிஞ்சாலும் எண்ணிக்கை திரும்ப ஒன்னிலிருந்து. கீழே இருக்கிற கல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வைச்சு உறிஞ்சி எடு, உறைங்க பாதி அதோட போயிடும்.

செத்த நியோனை எடுத்துட்டியா? உடனே எடு.

23.11.2023

தம்பி தொட்டியில இப்ப உப்பு லிட்டருக்கு 2 கிராம், தண்ணி 30 டிகிரி, ஏர் பம்ப் ரெண்டு. மூணு நியோன்ல இன்னொன்னு போச்சாம். மோலி ஆறும் இருக்கு.

27.11.2023

கப்பி பின்பக்கம் சிவப்பு நூல் தொங்குதுன்னு மூணு பேர் படம் போட்டிருக்கீங்க. மூணும் ஒரே நோய்தான். கமலானஸ் உருண்டைப்புழு. மீன் அசையாம நிக்கிறப்ப ஆசனவாயிலிருந்து ரெண்டு மூணு சிவப்பு நுனி எட்டிப் பார்க்கும், நீந்தினா உள்ளே போகும். ரத்தம் குடிக்கிற புழு, அதான் அந்த நிறம். வயிறு ஒட்டி, முதுகு வளைஞ்சு, மெல்ல மெல்லச் சாகும்.

கப்பின்னா எனக்கு லயத்துக்கு முன்னாடி ஓடுற சாக்கடைதான் ஞாபகம் வரும். கொசுப்புழு தின்னட்டும்னு அப்பா கொண்டுவந்து விட்டது. கிள்ளான்ல 1901-லேயே டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்புத் தண்ணியை வடியவிட்டு மலேரியாவைக் குறைச்ச கதையைச் சொல்லி, தண்ணி தேங்கின இடத்தை எல்லாம் வெட்டிவிடச் சொல்லுவார். வெட்டிவிட முடியாத இடத்துக்குக் கப்பி. நாங்க பால் டின்ல பிடிச்சு விளையாடுவோம். அந்தக் கப்பிங்களுக்கு வால் இப்படி விசிறி மாதிரி இருக்காது, ஆனா நோயும் வந்து பார்த்ததில்ல.

பிரசிகுவாண்டெல் இதுக்கு வேலை செய்யாது. அது தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும்தான். உருண்டைப்புழுவுக்கு லெவமிசோல். இதை மீன் கடையில தேடி அலையாதீங்க. ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பாங்களே, அதுலதான் இருக்கும். தோட்டத்தில ஆடு வளர்க்கிற சொந்தம் யாராவது இருந்தா வீட்டில பாட்டில் கிடக்கும். லேபிள்ல லெவமிசோல்னு இருக்கான்னு பாருங்க, வேற ஆட்டு மருந்தும் நிறைய உண்டு. தண்ணியில லிட்டருக்கு 2 மில்லிகிராம். 7.5 சதவீத மருந்துன்னா ஒரு மில்லியில 75 மில்லிகிராம். 60 லிட்டர் தண்ணிக்கு 120 மில்லிகிராம் வேணும், அது 1.6 மில்லி. ஊசிக் குழாயில அளங்க.

விளக்கை அணைச்சு, தொட்டியைத் துணியால மூடி 24 மணி நேரம். இந்த மருந்து புழுவைக் கொல்றதில்ல, முடக்கிப் போடும். மீன் அதை வெளியே தள்ளிடும். கீழே கிடக்கிற புழுவை மறுநாளே உறிஞ்சி எடுக்கணும், பாதித் தண்ணி மாத்தணும். இல்லன்னா மீன் பொறுக்கித் தின்னுடும். குட்டியா மிச்சம் இருக்கிறது வளர்ந்து வரும், அதனால ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை.

3.12.2023

மீனை டார்ச் அடிச்சா பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. ஆமா, டார்ச் லைட். சண்டை மீன் வளர்க்கிறவங்க கட்டாயம் செய்யணும். அறை விளக்கை அணைச்சு, பக்கவாட்டில டார்ச் அடிச்சுப் பாருங்க. உடம்பு மேல தங்கப் பொடி, துரு நிறப் பொடி தெரிஞ்சா வெல்வெட் நோய். வெள்ளைப்புள்ளியைவிடப் பொடிசு, நேரா பார்த்தா தெரியாது. அந்த ஒட்டுண்ணி செடி மாதிரி வெளிச்சத்தை உண்டும் வாழும், அதனால தொட்டியை இருட்டாக்கினா பலம் குறையும். செம்பு மருந்து நல்லா கேட்கும். ஆனா அதே தொட்டியில இறாலோ நத்தையோ இருந்தா முதல்ல அதுங்களை வெளியே எடுங்க, செம்பு அதுங்களுக்கு எமன். ஒரு தடவை செம்பு போட்ட தொட்டியில நான் அப்புறம் இறால் விடுறதே இல்ல.

10.12.2023

மாலகைட் பச்சையைத் திலாப்பியா குளத்துக்குப் போடலாமான்னு ஒருத்தர்.

கூடாது. சாப்பிடுற மீனுக்கு எக்காரணத்துக்கும் கூடாது. அது சதையில தங்கும், உடம்புக்குக் கெடுதல்னுதான் உணவு மீனுக்குப் பல நாட்டில தடை போட்டிருக்காங்க. நீங்க விற்கிற மீனை அடுத்த வீட்டுப் பிள்ளை சாப்பிடும். குளத்துக்கு உப்பு போதும்.

2.1.2024

வேலைக்குப் போன இடத்தில ஒரு மீன் கடை. பேர் வேண்டாம். முப்பது தொட்டி, ஒரே வலை. ஒரு தொட்டியில வெள்ளைப்புள்ளி பிடிச்ச டெட்ரா, மூலையில கூட்டமா நிக்குது. கடைப் பையன் அந்தத் தொட்டியில வலையை விட்டு எடுத்து, கழுவாம, அடுத்த தொட்டியில விட்டான். நான் சொன்னேன். "எல்லாம் ஒரே தண்ணிதான் ஆன்டி" ன்னான். கோபத்தில ரொம்ப நேரம் பேச்சு வரல. சின்னப் பிள்ளைங்க சேர்த்து வைச்ச காசில வாங்கிட்டுப் போற மீன் அது.

அதனால கடை எவ்வளவு நல்லதா இருந்தாலும் வாங்கின மீன் நேரா தொட்டிக்குப் போகக்கூடாது. தனி வாளி, தனி வலை, சின்ன ஏர் பம்ப். நாலு வாரம். எங்க வீட்டில பழைய பால்வாளி அலுமினியம், அது வேண்டாம், உப்புத் தண்ணிக்கு அரிக்கும். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா 15 வெள்ளிக்குள்ள கிடைக்குது. கடைத் தண்ணியைத் தொட்டியில ஊத்தாதீங்க, மீனை மட்டும் எடுங்க.

"நாலு வாரம் ரொம்ப அதிகம் அக்கா, ரெண்டு போதாதா?" வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்னா நம்ம சூட்டில ரெண்டு வாரமே காட்டிக்கொடுத்துடும். கப்பியோட சிவப்புப் புழு அவ்வளவு சீக்கிரம் வெளியே தலைகாட்டாது. கோய் மீனோட நங்கூரப் புழுவும் பொறுமையாத்தான் வரும். பள்ளிக்கூடக் குளத்தில ஒரு தடவை ரெண்டு வாரத்தோட நிறுத்தி உள்ளே விட்டோம். மூணாம் வாரம் ஒவ்வொரு மீன் மேலயும் நூல் நூலா தொங்குச்சு. ஒவ்வொன்னா பிடிச்சு, முடி பிடுங்குற இடுக்கியால, தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா இழுக்கணும், பாதியில அறுந்தா தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகும். 23 மீன், 4 ஆசிரியருங்க, ஒரு சனிக்கிழமை முழுக்க. பிடுங்கினதோட முடியாது, தண்ணியில குஞ்சு நீந்துது, அதுக்கு டைஃப்ளூபென்சுரான்னு தனி மருந்து.

16.1.2024

பொங்கல் பானை கழுவி முடிச்சு இப்பதான் உட்கார்ந்தேன்.

சாலாக் தம்பி நாட்காட்டி படம் அனுப்பியிருக்கான். டிசம்பர் 2-ந் தேதி கடைசிப் புள்ளி மறைஞ்சதிலிருந்து ஒவ்வொரு நாளும் கோடு, 14 கோடு. 16-ந் தேதி உப்பை மூணு தடவையா தண்ணி மாத்தி எடுத்திருக்கான். ஒரு மாசம் ஆச்சு, மோலி ஆறும், நியோன் ரெண்டும், கப்பி ஜோடியும் இருக்கு. மோலி ஒன்னு குட்டி போட்டிருக்காம், எண்ணினதில 19. ரெண்டு நியோன் தனியா பயந்து நிக்குதேன்னு புதுசா 8 வாங்கி, டப்பாவில விட்டிருக்கான். இன்னிக்கு ஒன்பதாம் நாள்.

ஒரு நியோனோட வால் நுனியில ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிற மாதிரி இருக்காம். மருந்து ஊத்தட்டுமான்னு கேட்கல. டப்பாவை நாளைக்குக் காலையில காரில வைச்சு எங்க வீட்டுக்குக் கொண்டுவர்றானாம். எட்டரை மணிக்கு ஜன்னல்ல வெயில் நல்லா விழும். சில்லு கழுவி வைச்சுட்டேன்.